கொல்லைப்புறத்துக்கு உயர்விலை கேஸ் கிரில்: கூடுதல் பணம் எங்கே போகிறது?

டெக்சாஸில் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி நகரில் புதிதாக வீடு வாங்கியிருக்கிறீர்கள். கொல்லைப்புறத்துக் கூரை வேய்ந்த முற்றத்தின் ஓரத்தில், வீட்டைக் கட்டியவர்களே இயற்கை எரிவாயுக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து மூடி போட்டு விட்டிருக்கிறார்கள். வீட்டில் நான்கு பேர். மாதத்துக்கு இரண்டு முறை விருந்தினரும் சேர்ந்து பதினைந்து பேராவது சாப்பிடுவார்கள். வெபர் ஜெனசிஸ், நெப்போலியன் பிரெஸ்டீஜ் ப்ரோ 500, லிங்க்ஸ் புரொஃபெஷனல் 36 அங்குலம் என்று மூன்று கேஸ் கிரில்களை எழுதி, இவற்றுள் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்த பிறகு, நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது வேறு என்று எனக்குப் பட்டது. ஜெனசிஸுக்குக் கொடுப்பதைவிட நெப்போலியனுக்குக் கூடுதலாகவும், லிங்க்ஸுக்குப் பல மடங்காகவும் கொடுத்தால் அந்தப் பணம் சாப்பாட்டில் தெரியுமா, பத்து வருட உழைப்பில் தெரியுமா, அல்லது பளபளப்போடு நின்றுவிடுமா என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் ஹூஸ்டனில் வெளிப்புற அடுப்புகளை விற்று, பொருத்தி, பழுது பார்க்கும் கடை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அதில் முதல் ஆறு ஆண்டுகள் பழுது பார்ப்பது மட்டுமே என் வேலை. இந்த அனுபவத்துக்கு ஒரு குறை உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. என் கைக்கு வருபவை பெரும்பாலும் கெட்டுப்போனவை; இருபது ஆண்டு சிக்கலின்றி எரியும் அடுப்பை எனக்கு யாரும் கூப்பிட்டுக் காட்டுவதில்லை. ஆகவே எந்தப் பாகம் எப்படிக் கெடும் என்பதை உறுதியாகச் சொல்வேன். எந்த நிறுவனத்தின் அடுப்பு நூற்றுக்கு எத்தனை கெடும் என்று கேட்டால், என் அனுபவத்தை வைத்து அதைச் சொல்வது நேர்மையாகாது.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பி.டி.யு. எண்ணிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் வருபவர்களில் பாதிப் பேர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு பவுண்டு நீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடேற்றத் தேவையான வெப்பம் ஒரு பி.டி.யு. அடுப்பின் மேல் எழுதியிருப்பது, அது ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கேஸைத் தின்னும் என்பதன் அளவே தவிர, இறைச்சிக்கு எவ்வளவு சூடு போய்ச் சேரும் என்பதன் அளவு அல்ல. அதிலும் பக்க அடுப்பு, பின்புறத்து அகச்சிவப்பு பர்னர் (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்) எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுவது வழக்கம். பிரெஸ்டீஜ் ப்ரோ 500-ல் மொத்தம் 80,000 என்று பார்ப்பீர்கள். கம்பித்தட்டுக்கு அடியில் உள்ள நான்கு பர்னர்களுக்கும் சேர்த்து உரியது 48,000 மட்டுமே. அதன் தட்டு 500 சதுர அங்குலம், ஆகவே சதுர அங்குலத்துக்கு 96 பி.டி.யு. மூன்று பர்னர் ஜெனசிஸில் 39,000 பி.டி.யு., தட்டு 513 சதுர அங்குலம், வகுத்தால் 76. எங்கள் தொழிலில் 80 முதல் 100 வரை இருந்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் 76 என்பதால் ஜெனசிஸ் சூடு குறைந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அதன் அடுப்புப் பெட்டி கனமான வார்ப்பு அலுமினியம். மூடி நன்றாகப் படிந்து உட்காரும். சூட்டை உள்ளே பிடித்து வைக்கும் அடுப்புக்குக் குறைந்த தீயே போதும். பெட்டி மெலிதாகவும் மூடி இடைவெளியோடும் இருக்கும் அடுப்புக்குத்தான் பெரிய எண் தேவைப்படும், அப்போதும் பாதிச் சூடு காற்றோடு போகும்.

கடையில் நிற்கும்போது எண்ணைப் பார்ப்பதற்கு முன் மூடியைத் திறந்து, கம்பித்தட்டைத் தூக்கிவிட்டு உள்ளே பாருங்கள். விற்பவர் மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். கால்வெஸ்டனில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு வீட்டுக்கு ஒருமுறை என்னை அழைத்தார்கள். ஐந்தே வயதான அடுப்பு. வெளியே முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. வீட்டுக்காரம்மா வாரம் தவறாமல் துடைத்து வைத்திருந்தார். தட்டைத் தூக்கினேன். பர்னர் குழாயின் மேல் விளிம்பு முழுவதும் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீளக் கிழிசலாகியிருந்தன. விரலால் தொட்ட இடம் பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது. கீழே கொழுப்பு வடியும் தட்டைத் தாங்கும் கம்பி அறுந்து, தட்டு ஒரு பக்கம் சாய்ந்து, பழைய கொழுப்பு கேஸ் குழாயை நோக்கி வழிந்திருந்தது. மூடிக்கு நல்ல எஃகைப் போட்டு, உள்ளே மலிவான எஃகைப் போட்ட அடுப்பு அது. அன்றிலிருந்து எந்த அடுப்பையும் வெளியிலிருந்து நான் மதிப்பிடுவதில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற பெயரில் பல வகைகள் இருப்பதுதான் இதற்குக் காரணம். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களைப் போலவே இங்கும் தரம் தரமாக உண்டு. 304 என்பதில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 430 என்பதில் குரோமியம் அதே அளவை ஒட்டி இருந்தாலும் நிக்கல் கிடையாது. அது விலை குறைவு, ஈரத்திலும் உப்பிலும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கடலோரத்துக்கு 316 என்ற வகை இன்னும் நல்லது, அதில் மாலிப்டினம் என்ற உலோகமும் சேர்கிறது. காந்தத்தை வைத்துப் பார், ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உயர்ந்தது என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. 430-ல் காந்தம் பளிச்சென்று ஒட்டும், அது சரி. ஆனால் 304-ஐ வளைத்து அழுத்தி உருவாக்கிய மூலைகளில் காந்தம் இலேசாக இழுக்கும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 201 என்ற மலிவு வகையிலோ காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. எனவே காந்தத்தை நம்பி ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். பர்னர், பர்னரை மூடும் தகடு, அடுப்புப் பெட்டி, கொழுப்புத் தட்டு ஆகிய நான்கும் எந்த எண் எஃகு என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்டியில் உங்களுக்குக் கடல் உப்பு பெரிய பிரச்சினை அல்ல. ஆனால் ஹூஸ்டன் பக்கத்து ஈரக்காற்று ஆண்டு முழுவதும் இருக்கும், போதாக்குறைக்கு நீச்சல் குளத்தின் குளோரின். குளம் வெட்டும் எண்ணம் இருந்தால் அடுப்பை அதிலிருந்து தள்ளி வையுங்கள். குளோரின் 304-ஐயும் புள்ளி புள்ளியாகத் தின்னும்.

இந்த வகையில் லிங்க்ஸ் உண்மையிலேயே வேறு தரத்தில் நிற்கிறது. உடல் முழுவதும் 304. வார்ப்புப் பித்தளை பர்னர்கள் கொண்ட மாடல்கள் இதில் உண்டு. பித்தளையில் துரு என்ற பேச்சே இல்லை. லிங்க்ஸின் பித்தளை பர்னர் ஓட்டையாகி மாற்ற நேர்ந்ததை நான் பார்த்ததில்லை. நான் மாற்றியவை எல்லாம் பற்றவைக்கும் பாகங்களும் குமிழ்களுமே. அதன் பற்றவைப்பு மின்சாரத்தில் சூடேறும் கம்பியால் நடப்பது, ஆகவே அடுப்புக்கு அருகே மின் இணைப்பு வேண்டும். மின்சாரம் போனால் தீக்குச்சிதான். ட்ரைடென்ட் என்று அவர்கள் அழைக்கும் அகச்சிவப்பு பர்னரைத் தணிக்கவும் முடிகிறது, இது சிறப்பு, ஏனெனில் பல நிறுவனங்களின் அகச்சிவப்பு பர்னர்கள் முழுத் தீ அல்லது அணைப்பு என்ற இரண்டே நிலையில்தான் உதவும். இவ்வளவும் சொன்ன பிறகும், செங்கல்லும் கருங்கல்லும் வைத்து நிலையான வெளிச் சமையலறை கட்டுகிறவர்களுக்கும், அந்த வீட்டில் பதினைந்து ஆண்டுகளாவது இருக்கப் போகிறவர்களுக்கும் மட்டுமே இதை நான் சொல்வேன். சக்கரம் வைத்த வண்டியில் வைத்துப் பயன்படுத்துவதற்காக இந்த விலையைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டை விற்றால் கல்லோடு சேர்ந்து அடுப்பும் புது வீட்டுக்காரருக்குப் போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அகச்சிவப்பு என்ற சொல் இத்துறை விளம்பரங்களை நிறைத்திருப்பதால் அதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். சாதாரண பர்னரில் தீ காற்றைச் சூடாக்க, அந்தக் காற்று உணவைச் சூடாக்குகிறது. அகச்சிவப்பு பர்னரில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட பீங்கான் ஓடு செக்கச்செவேலென்று தணலாகி, அதன் கதிர்வீச்சு நேரே உணவின் மேல் படுகிறது. நெப்போலியனின் சிஸில் ஸோன் என்ற பக்கவாட்டு அகச்சிவப்பு பர்னர் 1,800 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகும் என்று நிறுவனம் சொல்கிறது. கனமான இறைச்சித் துண்டின் மேற்பரப்பை ஒன்றரை நிமிடத்தில் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாக்குவதில் இதற்கு ஈடு இல்லை, இது உறுதி. சாறு உள்ளேயே பூட்டப்படுகிறது என்று சொல்வது மட்டும் சரியல்ல. மேலே பொரிந்த ஓடு நீரைத் தடுக்காது. பொரிந்த துண்டிலிருந்தும் சாறு வடிவதைத் தட்டில் நீங்களே பார்க்கலாம். சுவை கூடுவது உண்மை, அது பழுப்பேறுவதால் வரும் சுவை. அது போலவே, கேஸ் அடுப்பில் வரும் புகைமணம் கேஸிலிருந்து வருவதல்ல. சிலிண்டரில் வரும் புரொப்பேனும் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவும் சரியாக எரிந்தால் மிஞ்சுவது கரியமில வாயுவும் நீராவியும்தான். கொழுப்பும் மசாலாச் சாறும் கீழே உள்ள சூடான தகடுகளில் விழுந்து ஆவியாகி மேலேறுவதே நாம் உணரும் மணம். வெபர் இந்தத் தகடுகளுக்கு ஃபிளேவரைசர் பார் என்று பெயர் வைத்திருக்கிறது. மற்றவர்களிடமும் வேறு வேறு பெயரில் இதே தகடுகள் உண்டு. கரியின் மணம் வேண்டும் என்பதே உங்கள் ஆசையானால், எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் கேஸ் அடுப்பு அதைத் தராது. நூறு இருநூறு டாலருக்குள் ஒரு கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது மேல். வெபர் நிறுவனத்தின் புகழே 1952-ல் சிகாகோவில் உலோகப் பட்டறை ஒன்றில் ஜார்ஜ் ஸ்டீஃபன் செய்த உருண்டைக் கரி அடுப்பால் வந்ததுதான். முதல் ஜெனசிஸ் கேஸ் அடுப்பு 1985-ல்தான் வந்தது.

நீங்கள் என்ன சமைக்கப் போகிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள்: கோழி, மீன், பன்னீர், காய்கறி, எப்போதாவது ஸ்டேக். அந்த ஒரு வரிதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. தயிரும் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் பூசி ஊறவைத்த கோழிக்குக் கடும் தீ எதிரி. தயிரிலுள்ள சர்க்கரையும் மசாலாத் தூளும் இறைச்சி வேகும் முன்பே கரிந்துவிடும். வெளியே கறுப்பு, எலும்பருகே சிவப்பு. அதற்கு வேண்டியது ஒரு பக்கம் தீயும் மறுபக்கம் தீயின்றிச் சூடு மட்டுமாக இருக்கும் இரட்டை ஏற்பாடு: முதலில் தீயில்லாப் பக்கத்தில் மூடி போட்டு வேகவைத்து, உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டதும் தீப்பக்கம் மாற்றி இரண்டு நிமிடம் நிறமேற்ற வேண்டும். பதினைந்து பேருக்கு இதைச் செய்ய இடம் தேவை. மூன்று பர்னரில் ஒன்றை அணைத்தால் மூன்றில் ஒரு பங்கு இடம்தான் தீயின்றி இருக்கும். நான்கு பர்னரில் இரண்டை அணைத்தால் பாதித் தட்டு கிடைக்கும். நெப்போலியனுக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் சமையலுக்கு நேராக உதவுவது, என் கணிப்பில், இந்த நான்காவது பர்னரும் பின்புறத்து அகச்சிவப்பு பர்னருமே. முழுக் கோழியைக் கம்பியில் கோத்துச் சுழலவிட்டால், சூடு பின்னாலிருந்து வருவதால் கீழே உள்ள பர்னர்களை அணைத்தே வைக்கலாம், சொட்டும் கொழுப்பு தீயில் விழாது. தீ எகிறாது, தோல் ஒரே சீராக முறுகும். சுழல்கம்பியை நீங்கள் பயன்படுத்தவே போவதில்லை என்றால் இந்தச் சிறப்பு உங்களுக்கு வீண்.

பக்க அடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நம் வீடுகளுக்கு இது முக்கியம். மீன் பொரிக்கும் வாடை வீட்டுக்குள் போகக் கூடாது என்பதற்காகவே கிரில் வாங்கும் தமிழ்க் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அது நியாயமான காரணமும்கூட. அதற்கு வேண்டியது சாதாரணத் திறந்த தீ உள்ள பக்க அடுப்பு. அகச்சிவப்புப் பக்க அடுப்பின் மேல் எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரிக்க வேண்டாம். தீயை வேண்டிய அளவு தணிக்க முடியாது; எண்ணெய் பொங்கி அந்தத் தணலில் விழுந்தால் அந்த நொடியே பற்றும். நெப்போலியனின் இந்த மாடலில் பக்க அடுப்பு அகச்சிவப்பு வகை. ஜெனசிஸில் 335 போன்ற மாடல்களில் இருப்பது 12,000 பி.டி.யு. திறந்த பக்க அடுப்பு. வாரம் தவறாமல் மீன் பொரிப்பவர் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் தேர்வு மாறலாம்.

கம்பித்தட்டு விஷயத்தில் என் கருத்து வேறு, மற்றவர் கருத்து வேறு. இதில் உறுதி என்று எதுவும் இல்லை. இரும்புத் தட்டு சூட்டைப் பிடித்து வைத்து நல்ல கோடுகள் போடும், ஆனால் பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். தோசைக்கல்லைப் பழக்குவது போல எண்ணெய் தடவிப் பழக்கி, மழைக்காலத்தில் கண்காணிக்கவும் வேண்டும். கனமான ஸ்டெயின்லெஸ் கம்பி அந்தக் கவலையைப் போக்கும். பன்னீரும் மீனும் ஒட்டுவதற்குத் தட்டின் உலோகம் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. சூடேறாத தட்டில் வைப்பதும், தானாக விடுபடுவதற்குள் புரட்ட முயல்வதுமே காரணம். நான் வாங்கினால் கம்பியின் கனத்தைப் பார்த்து ஸ்டெயின்லெஸ்ஸே வாங்குவேன்.

இப்போது உங்கள் கொல்லைப்புறத்து எரிவாயுக் குழாய்க்கு வருகிறேன். மூன்றில் எதை வாங்கினாலும் உங்கள் திருப்தியைத் தீர்மானிக்கப் போவது இதுவாகவே இருக்கலாம். குழாய் இருக்கிறது என்பது வேறு, போதுமான கேஸ் வருகிறது என்பது வேறு. அரை அங்குல இரும்புக் குழாய் மீட்டரிலிருந்து 50 அடி ஓடினால், சாதாரண வீட்டு அழுத்தத்தில் அது மணிக்குச் சுமார் 70,000 பி.டி.யு.வுக்கான கேஸைத்தான் தாங்கும். முக்கால் அங்குலமாக இருந்தால் ஏறக்குறைய அதன் இருமடங்கு. உங்கள் பிரெஸ்டீஜ் ப்ரோவில் எல்லா பர்னரையும் ஒருசேர ஏற்றினால் 80,000. அதே குழாயில் வழியில் வீட்டு அடுப்போ துணி உலர்த்தியோ கிளை பிரிந்திருந்தால் பற்றாக்குறை இன்னும் கூடும். இரண்டாயிரத்துக்கும் மேல் கொடுத்து வாங்கிய அடுப்பு சோம்பல் தீ எரிகிறது என்று என்னைக் கூப்பிட்டவர்களில் பலருடைய அடுப்பில் குறையே இருந்ததில்லை, குழாய்தான் மெலிது. உங்கள் குழாயின் விட்டம், நீளம், கிளைகள் இவை தெரியாமல் நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. உரிமம் பெற்ற பிளம்பர் ஒருவரை வரவழைத்து, அடுப்பு எரியும்போதே அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அடுப்பை வாங்குவதற்கு முன் வீட்டில் எல்லா கேஸ் சாதனங்களையும் ஓடவிட்டு அளப்பது இன்னும் நல்லது.

கடையில் சிலிண்டர் மாடல்தான் இருப்பில் இருக்கிறது, அதை வாங்கிக் குழாயில் மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புரொப்பேன் ஒரு கன அடிக்கு 2,500 பி.டி.யு. அளவுக்கு வெப்பம் தரும், இயற்கை எரிவாயு 1,000-ஐ ஒட்டித்தான் தரும். அதற்கேற்ப கேஸ் வெளிவரும் ஜெட் துளையின் அளவும் ரெகுலேட்டரின் அழுத்தமும் மாறும். குழாய் கேஸைப் புரொப்பேன் அடுப்பில் விட்டால் தீ செத்துப்போகும். புரொப்பேனைக் குழாய் கேஸ் அடுப்பில் விட்டால் தீ அளவு மீறி எழும், அது ஆபத்து. நெப்போலியன் மாற்றுப் பாகங்களை அதிகாரபூர்வமாக விற்கிறது. வெபர் தன் அடுப்புகளை அப்படி மாற்றுவதை ஏற்பதில்லை. எந்தக் கேஸ் என்பதை வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். இன்னும் மூன்று நான்கு ஆண்டில் வீடு மாறும் வாய்ப்பு இருந்தால் இதையும் யோசியுங்கள், ஏனெனில் அடுத்த வீட்டில் குழாய் இருக்கும் என்று சொல்ல முடியாது.

குழாய் சரிவராமல் சிலிண்டருக்குப் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. 20 பவுண்டு சிலிண்டரில் ஏறக்குறைய 4,30,000 பி.டி.யு. இருக்கும், 48,000 பி.டி.யு. அடுப்பை முழுத் தீயில் வைத்தாலும் ஒன்பது மணி நேரம் வரும். மாற்றிக்கொடுக்கும் கடைகளில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் நிரப்பித் தருகிறார்கள் என்பதால் அங்கே ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கணக்கு வையுங்கள். நிரப்பித் தரும் நிலையத்துக்கே போனால் கொடுத்த காசுக்கு முழு கேஸ் கிடைக்கும். சிலிண்டர் அடுப்பில் திடீரென்று தீ குறைந்து, சூடு 250, 300-ஐத் தாண்டவில்லை என்றால் அடுப்பு கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். கேஸ் கசிந்தால் ஓட்டத்தை நெருக்கும் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இணைப்பில் இருக்கிறது. சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தாலோ, குமிழ் திறந்திருக்கும்போது வால்வைத் திறந்தாலோ அது கசிவு என்று ஏமாந்து கேஸை நெருக்கிவிடும். எல்லாக் குமிழையும் மூடி, சிலிண்டரையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டு மாட்டி, வால்வை மெதுவாகத் திறந்தால் பழைய தீ வந்துவிடும். இந்த ஒரு காரியத்துக்காக வீட்டுக்கு வரும் கட்டணத்தை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வருவதே இல்லை. அதனால் இப்போதெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் முற்றத்துக்கு மேலே கூரை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது மரக்கூரை என்றால் இதுவரை எழுதிய எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம். பாதுகாப்பில்லாத மரக்கூரைக்கு அடியில் வைக்கக் கூடாது என்று அடுப்புகளின் கையேடுகளிலேயே இருக்கும். ஒன்று கூரைக்கு வெளியே வைக்க வேண்டும், இல்லையேல் வெளிப்புறத்துக்கென்று செய்யப்பட்ட புகைபோக்கி விசிறியைத் தகுந்த அளவில் மாட்ட வேண்டும், அதன் செலவு அடுப்பின் விலைக்குச் சமமாகப் போனாலும் ஆச்சரியமில்லை. பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் விடவேண்டிய இடைவெளி மாடலுக்கு மாடல் வேறுபடும், கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். மூடியின் பின்புறம் சூடு வெளியேறும் இடைவெளி இருக்கும். பின்னாலிருந்து காற்று அடித்தால் அந்தச் சூடு முன்பக்கம் திரும்பிக் குமிழ்களை உருக்கும். உருகிய குமிழைக் காட்டி இது உற்பத்திக் கோளாறு என்று வாதிட்ட வாடிக்கையாளர் பலரோடு முற்றத்தில் நின்று காற்றைக் கவனித்திருக்கிறேன்.

உத்தரவாதத்தைப் படிக்கும்போது ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட, எந்தப் பாகத்துக்கு எத்தனை ஆண்டு, துருவை ஏற்கிறார்களா, வந்து வேலை செய்யும் கூலி யாருடையது என்ற மூன்றையும் பாருங்கள். ஆயுள் உத்தரவாதம் என்று பெரிதாகப் போட்டு, சில ஆண்டுகளுக்குப் பிறகு பாகத்தின் விலையில் பாதியைக் கேட்பது இத்துறையில் சகஜம். இதையெல்லாம்விட நான் பெரிதாக மதிப்பது உதிரிப் பாகம் கிடைப்பதை. வெபரின் பத்துப் பதினைந்து ஆண்டு பழைய அடுப்புக்கும் பர்னரும் தகடும் எளிதில் கிடைக்கின்றன, அடுப்பின் ஆயுளை இது இரண்டு மடங்காக்குகிறது. கனடாவில் ஒண்டாரியோவின் பேரி நகரிலிருந்து வரும் நெப்போலியனுக்கும் பாகங்கள் கிடைக்கின்றன. ஆனால் ஹூஸ்டன் கடைகளில் அலமாரியில் இருப்பதை எடுத்துக்கொண்டு போகும் வசதி வெபரின் அளவுக்கு இல்லை, வரவழைத்துக் காத்திருக்க நேரும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: கல் வைத்துச் சமையலறை கட்டும் திட்டம் இப்போது இல்லை என்றால் லிங்க்ஸை விட்டுவிடுங்கள். பதினைந்து பேருக்குக் கோழி, சுழல்கம்பி, எப்போதாவது ஸ்டேக் என்பதே உங்கள் வழக்கமானால், குழாய் போதுமானதாக இருக்கும் பட்சத்தில் பிரெஸ்டீஜ் ப்ரோ 500-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் சமையலில் தெரியும். வார நாட்களில் நால்வருக்கான சமையலும் மீன் பொரிப்பதுமே அதிகம் என்றால், பக்க அடுப்புள்ள ஜெனசிஸ் போதும். மிஞ்சும் பணத்தைக் குழாயைச் சரிசெய்யவும் நல்ல வெப்பமானி வாங்கவும் வைத்துக்கொள்ளுங்கள். மூடியில் பதித்த வெப்பமானி உணவுக்கு மேலே உள்ள காற்றைத்தான் அளக்கிறது, அதை நம்பிக் கோழி வேகவைக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் தடுமாற்றம் நீடித்தால் நான் ஜெனசிஸ் பக்கம்தான் சாய்வேன். இது கணக்குப் போட்டு நிரூபிக்கக்கூடிய முடிவு அல்ல, பாகங்கள் தேடி அலைந்த பழுதுகாரனின் சார்பும் இதில் இருக்கிறது.

அடுப்பு வந்து இறங்கிய அன்று சமைக்க அவசரப்படாதீர்கள். பாத்திரம் துலக்கும் சோப்பை நீரில் கரைத்து, பர்னர்களை அணைத்து வைத்துக் கேஸை மட்டும் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் தூரிகையால் தடவுங்கள்; குமிழி வந்தால் மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பிறகு பத்து நிமிடம் நடுத்தரத் தீயில் சூடேற்றி, தட்டு முழுவதும் வெள்ளை ரொட்டித் துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, ஒரு நிமிடம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். எந்த மூலை கருகியிருக்கிறது, எது வெளிறியிருக்கிறது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்; எந்த இடத்தில் கோழியையும் எந்த இடத்தில் பன்னீரையும் வைக்க வேண்டும் என்பதற்கு அதுதான் உங்கள் வரைபடம். ஆண்டுக்கு இரண்டு முறை பர்னர் குழாய்களைக் கழற்றி உள்ளே நீளமான தூரிகை விட்டுத் துடையுங்கள். சில வாரம் பயன்படுத்தாமல் விட்டாலே சிலந்தி உள்ளே போய்க் கூடு கட்டும். காற்றும் கேஸும் கலக்கும் வாயில் அந்த வெண்பஞ்சுக் கூடு அடைத்தால் கேஸ் பின்னோக்கி வந்து குமிழ்களுக்குப் பின்னால் பற்றிக்கொள்ளும். நீலமாக எரிந்த தீ ஒரு பர்னரில் மட்டும் மஞ்சளாகிச் சோர்ந்து ஆடினால், உடனே அணைத்துவிட்டு முதலில் அந்தக் குழாயைக் கழற்றிப் பாருங்கள்.